சாமை விழுந்த கிட்டார்

நவம்பர் 5, 2025

வெல்லம்,

இன்றைக்கு வெள்ளிமலைச் சந்தையில் போர்வை நன்றாகப் போனது. கட்டம் போட்டதில் மூன்றுதான் மிச்சம். நீ ஆசையாக வாங்கி வைத்த பச்சைப் போர்வையை மட்டும் யாரும் தொடவில்லை. பாசி நிறம். அப்போதே சொன்னேன், இது வேணாங்க என்று. கேட்டால்தானே.

நேரில் உன்னை ஒரு நாளும் நீ என்று சொன்னதில்லை. மாமா, வாங்க, போங்க. வெல்லம் என்பதும் நீ தூங்கும்போது வாய்க்குள் சொன்னதுதான். இப்போது யார் கேட்கப் போகிறார்கள்? ஈரோட்டு ஜவுளிக்காரர் கொடுத்த டைரி வெறுமனே கிடந்தது. அபிநயாதான் எடுத்துக் கொடுத்தாள். "என்னாண்ட பேசறத வுட அப்பா கிட்டாராண்டதான் ஜாஸ்தி பேசற. அதுக்கு எழுதியாவது வையி" என்றாள். எட்டாவதோடு நின்றவள் எழுத்து. தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

நீ மாசியில் போனாய். ஆடி வரைக்கும் நான் நைனார்பாளையத்தை விட்டு நகரவில்லை. ஜவுளி வண்டி, உள்ளே உன் கிட்டாரோடு, தகரக் கொட்டகையில் நின்றது. அபிநயா ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து, வாம்மா என்று ஏற்றினாள். நாராயணசாமி அண்ணன் தங்கச்சிக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு மைக் செட் வாங்கிக் கொடுத்தார். அதில் ஒரு பெண் குரல் ஓயாமல் கத்தும். சந்தையில் ஜவுளி வண்டி எல்லாவற்றிலும் அதே பெண்தான் கத்துகிறாள். நம் வண்டி எது என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த வாரம் அதை அணைத்துவிட்டு உன் கிட்டாரை எடுத்தேன். கம்பியில் விரல் வைக்க நீ சொல்லிக் கொடுத்த மூன்று பிடி. அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

ஒன்று மட்டும் வரவில்லை. நீ வண்டியின் பின்பலகையில் ஏறி நின்றதும் முதலில் கேட்பாயே, "நேத்து ராத்திரி யாருக்குக் குளிருச்சி?" என்று. கூட்டத்தில் யாராவது ஒருத்தர் எனக்கு என்பார். அதற்கப்புறம்தான் பாட்டு, விலை எல்லாம். எனக்குப் பாட்டு வருகிறது, விலை வருகிறது. அந்தக் கேள்வியை மட்டும் தாண்டி நேராகப் பாட்டுக்குப் போய்விடுகிறேன்.

நவம்பர் 12

மலை ஏறிக் கரியாலூர் தாண்டினதும் ஒரே பனி. பகலிலேயே லைட்டைப் போட்டு ஓட்டினாள். சந்தையில் கிட்டாரை எடுத்தால் கம்பி எல்லாம் பலகையை விட்டு மேலே எழும்பி நிற்கிறது. அழுத்தி அழுத்தி விரல் நுனி கன்றிப்போனது. பாதிப் பாட்டில் விட்டுவிட்டேன். வந்த கூட்டம் பக்கத்து வண்டிக்குப் போய்விட்டது.

ஈரம்தான் காரணம் என்று தெரிகிறது. போன் தண்ணீரில் விழுந்தால் அரிசிக்குள் புதைத்து வைக்கிறோமே. ஈரத்தை அரிசி குடித்துவிடும். சந்தை மூலையில் டீக்கடை வைத்திருக்கும் ராஜாம்பாள் அக்கா போன மாசம் கொடுத்த சாமை வீட்டில் இருந்தது. உன் கைக்குட்டையில் மூட்டை கட்டி, கம்பிகளை விலக்கி, ஓட்டை வழியாக உள்ளே இறக்கிவிட்டேன். இது உனக்கே தோன்றியிருக்காது.

நவம்பர் 13

முடிச்சு அவிழ்ந்து சாமை பூராவும் உள்ளே கொட்டிவிட்டது. கிட்டாரை எடுத்தால் சலசல என்கிறது. அபிநயா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. நீ போன பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தது இன்றைக்குத்தான்.

நவம்பர் 17

கள்ளக்குறிச்சிக்குப் போனேன், சுஐப் தம்பி கடைக்கு. உன்னோடு கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசித்த அதே தம்பிதான். இப்போது ஸ்பீக்கர், கீபோர்டு ரிப்பேர் பார்க்கிறார். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், வாங்க அண்ணி என்றார். டீ சொன்னார்.

கிட்டாரைத் திருப்பினார். கண்ணாடி மேசை முழுக்க சாமை. "இதுல பொங்கல் வெக்கப் போறீங்களா அண்ணி?" என்றார். சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்புறம் சிரிக்கவில்லை. கம்பி வந்து சேருகிற அடிக்கட்டை பலகையை விட்டுப் பெயர்ந்திருக்கிறது. ஒரு பில் தாளை அடியில் சொருகிக் காட்டினார், உள்ளே போனது. நீ முழங்கை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மயிர் மாதிரி ஒரு விரிசல் வேறு.

கோடை முழுக்க தகரக் கொட்டகைக்குள் இருந்ததில் பசை இளகிவிட்டதாம். இப்போது வாரா வாரம் மேலே போனால் பனியைக் குடித்து உப்புகிறது, கீழே இறங்கினால் வண்டிக்குள் காய்கிறது. இதற்கு நடுவில் என் சாமை வேறு. இப்படியே போனால் ஒரு நாள் பாடிக்கொண்டிருக்கும்போதே பெயர்ந்து கையோடு வந்துவிடும் என்றார்.

உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்தார். கன்னங்கரேல் என்று. கார்பன் கிட்டாராம். எனக்குத் தெரிந்த கார்பன் பில் புக்கில் வைக்கிறதுதான். கை கறுக்குமா என்று கேட்டுவிட்டேன். அவர் கையைத் தேய்த்துக் காட்டினார். கறுக்கவில்லை. ஏதோ நூலை நெய்து பசை போட்டு அச்சில் அழுத்திச் செய்கிறார்களாம். நெய்கிறது என்றதும் நமக்குப் பக்கத்துச் சரக்கு போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். "பனில வையுங்க, வெயில்ல வையுங்க, மழைல நனையுங்க. இது அப்படியே கெடக்கும்" என்றார்.

பொங்கல் வரைக்கும் வைத்துப் பாருங்கள் என்று கொடுத்தார். பிடித்திருந்தால் பழையதைக் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளலாம். கடலூரில் ஒருவர் பழைய கிட்டார் சேர்க்கிறாராம், சரிபண்ணிச் சுவரில் மாட்டி வைப்பாராம். பழையதை அதுவரை ஒட்டி வைக்கிறேன் என்று அவரே வாங்கிக்கொண்டார்.

கடலூரில், யாரோ வீட்டுச் சுவரில், நீ.

வெறுங்கையோடு வரவில்லை. ஆனாலும் பஸ்ஸில் மடி காலியாக இருந்த மாதிரியே இருந்தது.

நவம்பர் 18

அபிநயாவுக்குச் சந்தேகமே இல்லை. "இன்னா யோசிக்கற? அது மரம். ஒடஞ்சா அப்பா திரும்ப வந்து ஒட்டப் போறாரா? கொடுத்துடு. வியாபாரம் தை வரைக்கும்தான், அதுக்குள்ள அது கைய வுட்டுச்சின்னா திரும்ப அந்த மைக் பொம்பளதான்."

உன் மகள். அப்படியே உன் வாய்.

நவம்பர் 26

கறுப்பை வெள்ளிமலைக்கு எடுத்துப் போனேன். மேலே போனாலும் சுருதி அசையவில்லை. கம்பி தாழ்வாக இருக்கிறது, விரல் நோகவில்லை. பாட்டை இரண்டு தரம் பாடினேன். கட்டம் போட்டது தீர்ந்தது. கோடு போட்டதும் தீர்ந்தது. பச்சை இருக்கிறது.

சத்தம் எவர்சில்வர் சொம்பைத் தட்டின மாதிரி கணீர் என்று இருக்கிறது. நான் தப்பாகப் பிடித்தால் அதுவும் கணீர் என்று கேட்கிறது. உன்னுடையது என் தப்பை உள்ளேயே வைத்துக்கொள்ளும். இது ஊருக்கே சொல்லிவிடுகிறது.

ராஜாம்பாள் அக்கா டீயைக் கையில் கொடுத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் கீது. அது எங்க?" என்றார். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். பொய்யில்லை. ஆனால் சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

டிசம்பர் 3

தீபம். வாசலில் அகல் வைத்தேன். எரியும் விளக்கைத் தாண்டிப் போகாதே என்று வருஷா வருஷம் என்னிடம் சொல்வாய். இந்த வருஷம் அபிநயா சொன்னாள்.

டிசம்பர் 9

மூங்கில்துறைப்பட்டு. ஆலை வாசலில் கரும்பு டிராக்டர் வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது. மாட்டு வண்டிகளும். இறக்கும் வரைக்கும் டிரைவர்களுக்கு வேலை இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். துண்டு விற்க இதை விட நல்ல இடம் ஏது? உனக்குத் தெரியாததா.

டிராக்டர் மேலே இருந்த ஒருத்தன், "இன்னாக்கா, தோசக்கல்லுக்குக் கம்பி கட்டிகினு வந்துட்ட?" என்றான். "ரெண்டு துண்டு வாங்கு, சுட்டுத் தரேன்" என்றேன். வரிசையே சிரித்தது. அவன் நான்கு வாங்கினான்.

தூறல் வந்தது. நான் நிறுத்தவில்லை. நனைந்துகொண்டே வாசித்தேன். கிட்டார் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நீ இருந்திருந்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருப்பாய். எனக்குப் போர்த்த இல்லை, கிட்டாருக்கு.

சந்தோஷமாக இருந்தது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். சந்தோஷமாக இருந்தது, வெல்லம். தலையில் தண்ணீர், கையில் யாருடையதோ ஒரு கிட்டார், எதிரே முன்பின் தெரியாத ஆட்கள். உன்னை நினைக்காமல் ஒரு பாட்டு முழுக்கப் பாடி முடித்துவிட்டேன். தப்பா?

டிசம்பர் 11

சுஐப் தம்பி போன் பண்ணினார், பழையது தயார் என்று. போய் வாங்கி வந்தேன். அடிக்கட்டையை ஒட்டி, விரிசலுக்கு உள்பக்கம் சின்னத் துண்டு மரம் வைத்துத் தாங்கல் கொடுத்திருக்கிறார். சாமையை முழுசாக எடுக்க முடியவில்லையாம், சந்து பொந்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அசைத்தால் இப்போதும் லேசாகச் சலசலக்கிறது.

கடலூர்க்காரரிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். நான் வேறு ஒன்று கேட்டேன். மலைப் பனி ஆகாதா, நம்மூர் வெயில் ஆகாதா, இதற்கு எதுதான் ஆகாது? அவர் யோசித்துச் சொன்னார்: "அனலா ஒரு தகரக் கொட்டாய்ல போடாத வரைக்கும், ரெண்டும் ஆவும் அண்ணி. ஒரே எடத்துல இருந்தா மரம் அந்த எடத்துக்குப் பழகிடும். ஏத்தி எறக்கறதுதான் அதுக்கு ஆவறதில்ல."

சாயங்காலம் இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் முழங்கை பட்டுப் பட்டுக் கறுத்த இடத்தில் மூக்கை வைத்தேன். உன் வாசனை இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. சாமை வாசனைதான் வந்தது.

இதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கறுப்பைச் சந்தைக்கு எடுத்துப் போகலாம். அதுதான் முதலில் தோன்றியது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து நான் எப்போது வாசித்திருக்கிறேன்? துடைக்கிறேன். துடைத்துத் துடைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறேன். கடலூர்ச் சுவருக்கும் என் கட்டிலுக்கும் என்ன வித்தியாசம்?

டிசம்பர் 12

திருக்கோவிலூர்ப் பக்கம் மழை. வியாபாரம் இல்லை. நாள் முழுக்க அதே யோசனை.

டிசம்பர் 17

வெள்ளிமலைக்கு ஏறும் ஒவ்வொரு தடவையும், கோமுகி அணை வந்ததும் சொல்வாயே. "வயசானா மேலயே ஒரு வூடு போட்டுகினு இருந்துடலாம் புள்ள." வியாபாரிக்கு ஏதுங்க வயசு, மூட்டை தூக்க முடியற வரைக்கும் தூக்கணும் என்பேன். இன்றைக்கு அணை வந்தது. அபிநயா கியர் மாற்றி ஏற்றினாள். எனக்கு மட்டும் கேட்டது.

சந்தை முடிந்ததும் ராஜாம்பாள் அக்காவிடம் கேட்டேன். அக்கா, அந்தப் பழைய கிட்டாரை இங்கேயே விட்டு வைக்கட்டுமா? வாரா வாரம் வந்து எடுத்து வாசிக்கிறேன், போகும்போது உங்களிடமே கொடுத்துவிடுகிறேன். கீழே இறக்கவே வேண்டாம்.

அக்கா பாலாடையை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "அடுப்பண்ட வேணாம், பின்னால ரூம்ல ஒழுவாத மூல ஒண்ணு கீது. ஆனா எங்கூட்டுக்காரர் கை சும்மா இருக்காது. நோண்டுவாரு. பரவால்லியா?"

நோண்டட்டும் அக்கா என்றேன். யாராவது தொட்டால்தான் அதற்கும் நல்லது.

டிசம்பர் 18

அபிநயாவிடம் சொன்னேன். நான் நினைத்த மாதிரி இல்லை. அவள்தானே கொடுத்துடு கொடுத்துடு என்றவள். முகம் மாறிவிட்டது.

"கொடுத்துடுன்னு நான் சொன்னா, நீ கொடுத்துடுவியா? நீ கொடுக்க மாட்டேன்னு தெரிஞ்சிதாம்மா சொன்னேன்."

கொடுக்கவில்லையே, அங்கே வைக்கிறோம், அவ்வளவுதானே என்றேன்.

"அப்பாவ அங்க தனியா வுட்டுட்டு வரப் போறியா?"

நான் சொன்னேன், "அப்பா இல்லடி அது. கிட்டார்."

பத்து மாசமாக அதை நான் எனக்குச் சொன்னதில்லை. அவள் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள். குடம் நிரம்பி வழிந்தும் மூடவில்லை. நான் போய் மூடவில்லை. அழட்டும். அவளுக்கு இன்னும் அழுகை பாக்கி இருந்திருக்கிறது. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, என்னை ஏற்றி இறக்கி, சிரிக்க வைத்து... எப்போது அழுவாள் பாவம்?

டிசம்பர் 20

உன் டிவிஎஸ் மொபெட்டைக் கறுப்புக்கு விலையாகச் சுஐப் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். கறுப்பு இனி நம்முடையது. கோபித்துக்கொள்ளாதே, அந்த வண்டிக்கு நான் மூன்று பிடி கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

டிசம்பர் 22

அபிநயா இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் வண்டிக்கு டீசல் போட்டு வைத்திருக்கிறாள். புதன்கிழமை வருவியா என்றேன். "நான் வராம வண்டி தானா ஏறுமா?" என்றாள். அது போதும்.

டிசம்பர் 24

உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். இல்லை, கிட்டாரை. நானே திரும்பத் திரும்பத் தப்பு பண்ணுகிறேன்.

பனி நேற்றை விட ஜாஸ்தி என்று எல்லோரும் சொன்னார்கள். சந்தைக்கு வந்தவர்கள் எல்லாம் தலையோடு முக்காடு போட்டிருந்தார்கள். ராஜாம்பாள் அக்கா கடைக்குள் கொஞ்ச நேரம் கிட்டாரை வெளியே எடுத்து வைத்தேன், காற்று பழகட்டும் என்று. கம்பி கொஞ்சம் எழும்பியது. விரல் நொந்தது. நோகட்டும் என்று பின்பலகையில் ஏறினேன்.

மேலே நின்றால் எல்லோர் முகமும் தெரிகிறது. உனக்கு இத்தனை வருஷம் இப்படித்தான் தெரிந்திருக்கும். முதல் பிடியைப் பிடித்தேன். உள்ளே சாமை சலங்கை மாதிரி கூடவே குலுங்கியது. முன்னால் நின்ற ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தை ஓட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு வாய் தானாகத் திறந்து கேட்டுவிட்டது.

"நேத்து ராத்திரி யாருக்குக் குளிருச்சி?"

யாரும் பேசவில்லை. என் குரலில் அவர்கள் அதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது உன் கேள்வி என்று தெரியும். கம்பி மேல் கை அப்படியே நின்றது. இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போது வண்டியின் முன்பக்கத்தில் இருந்து, டிரைவர் சீட்டில் இருந்து, அபிநயா தலையை வெளியே நீட்டிச் சொன்னாள்.

"எனக்கு."

அதற்கப்புறம் எனக்கு, எனக்கு என்று நாலு பக்கமும் கை. நான் பாடினேன். தப்பாகப் பிடித்தேன், மரம் உள்ளேயே வைத்துக்கொண்டது.

மூட்டை காலி. சாயங்காலம் ராஜாம்பாள் அக்காவின் பின்னறையில், ஒழுகாத மூலையில், கிட்டாரைச் சாய்த்து வைத்தேன். துடைக்கலாம் என்று முந்தானையை எடுத்தேன். துடைக்கவில்லை. அபிநயா வண்டிக்குப் போய் எதையோ கொண்டு வந்தாள். பச்சைப் போர்வை. தலையோடு கால் போர்த்திவிட்டு, ஓரத்தை உள்ளே சொருகினாள். "இத வாங்க யாரும் வர மாட்டாங்க. அப்பாவே வெச்சிக்கட்டும்" என்றாள். அது அப்பா இல்லை என்று நான் சொல்லவில்லை.

இறங்கும்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தோம். என்ன பேசினோம் என்று ஞாபகம் இல்லை.

டிசம்பர் 30

ஆலை வாசலில் கறுப்பு. இப்போது டிரைவர்கள் தோசைக்கல் அக்கா வந்துட்டாங்க என்று அவர்களே கூப்பிடுகிறார்கள். நான்காவது பிடி ஒன்று சுஐப் தம்பி சொல்லிக் கொடுத்தார். சின்ன விரல் எட்ட மாட்டேன் என்கிறது. பழகும்.

ஜனவரி 6, 2026

கட்டிலுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் அபிநயா துணி மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

காலையில் ராஜாம்பாள் அக்கா போன் பண்ணினார். மேலே இந்த வருஷத்திலேயே பெரிய பனியாம், வாசலில் வைத்த தண்ணீரில் கை வைக்க முடியவில்லையாம். எந்தப் போர்வையானாலும் கொண்டு வா, எல்லாம் போகும் என்றார். அவர் வீட்டுக்காரர் ஒற்றை விரலால் ஒரே கம்பியைத் தட்டித் தட்டிக் காதைக் குடைகிறாராம். "ஒங்கூட்டுக்காரர் மாதிரி வருமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைக்கும்போது சொன்னார், அந்தப் பச்சையைத் தன் வீட்டுக்காரரைத் தவிர யாரும் எடுப்பதில்லை, அவரும் தட்டி முடித்ததும் திரும்ப ஒழுங்காகப் போர்த்திவிடுகிறார் என்று.

நாளைக்கு வருகிறேன். மூட்டை கட்டியாகிவிட்டது. கட்டம், கோடு, பூப் போட்டது எல்லாம் இருக்கிறது.

வெல்லம், நேத்து ராத்திரி உனக்குக் குளிருச்சா?